வரலாறு இல்லாதவன்

தமிழில் 'கடன்' என்னும் சொல் இரு முகம் கொண்டது. பிறரிடம் பெற்றுத் திருப்பித் தரவேண்டிய பொருளும் கடன். ஒருவன் செய்தே தீரவேண்டிய கடமையும் கடன். புறநானூற்றில் பொன்முடியார் பாடிய பாட்டு (312), தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் மகனுக்கும் உரியவற்றை வரிசைப்படுத்துகையில் ஒவ்வொன்றையும் கடன் என்றே குறிக்கிறது. காலைக்கடன், நீத்தார்கடன் என்று நாம் இன்றும் வழங்குகிறோம். இக்கடன்களுக்கு வட்டி கிடையாது. கடமை என்னும் பொருளில் இச்சொல்லை நன்கறிந்த குடும்பத்தில் பிறந்த நான், அதன் மற்றப் பொருளைக் கற்றுக்கொள்ளத் தில்லியில் ஒரு வங்கியின் வாயிலில் நிற்க நேர்ந்தது. அந்த அனுபவத்தைத் தலைநகர்த் தமிழன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

என் தந்தையார் இலால்குடிக்கு அருகே ஒரு சிற்றூரில் தொடக்கப்பள்ளி ஆசிரியர். மளிகைக் கடையில் எங்கள் வீட்டுக்கென ஒரு பற்றுக் குறிப்பேடு இருந்தது. அன்றாடம் வாங்கும் புளியும் பருப்பும் எண்ணெயும் அதில் ஏறும். சம்பள நாளன்று பள்ளியிலிருந்து நேரே கடைக்குச் சென்று, கணக்கைத் தீர்த்த பிறகே அவர் வீடு திரும்புவார். ஒருமுறை சம்பளம் பத்து நாள் தாமதமாயிற்று. கடைத்தெரு வழியே செல்லக் கூசி, வாய்க்காற்கரையைச் சுற்றிக்கொண்டு பள்ளிக்குப் போய்வந்தார். கடைக்காரரோ பணத்தைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. "ஐயாவை இந்தப் பக்கம் காணோமே, உடம்புக்கு ஏதும் சுகமில்லையா?" என்று ஆள் அனுப்பி விசாரித்தார். இன்று கடன் தகவல் நிறுவனங்கள் கணினிகளைக் கொண்டு செய்யும் வேலையை, ஒருவருடைய நடையைப் பார்த்தே அந்த மனிதர் செய்துவந்தார்.

அந்தக் கூச்சத்தோடு வளர்ந்தவன் நான். வரலாற்றில் பி.ஏ. பட்டம் பெற்று, பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வெழுதி, 2001இல் தில்லியில் எழுத்தராகச் சேர்ந்தேன். அரசுப் பணியும் அதே பாடத்தைத்தான் சொல்லிக்கொடுத்தது. மத்திய அரசு ஊழியர்க்கான 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 17ஆம் விதி, ஊழியர் ஓயாமல் கடன்படும் நிலைக்கு ஆளாகாதவாறு தம் சொந்த அலுவல்களை நடத்திக்கொள்ள வேண்டும் என்கிறது. அதற்காக நான் கடனே வாங்காதவன் என்று சொல்லமாட்டேன். தங்கையின் திருமணத்துக்கு வருங்கால வைப்பு நிதியிலிருந்தும், மனைவியின் அறுவை சிகிச்சைக்கு அலுவலகக் கூட்டுறவுச் சிக்கனச் சங்கத்திலிருந்தும் பணம் பெற்றேன். 2020 அக்டோபரில் அரசு அறிவித்த பண்டிகை முன்பணம் பத்தாயிரம் ரூபாயையும் வாங்கினேன். அதுகூட ரூபே அட்டை வடிவில்தான் வந்தது. எல்லாம் மாதந்தோறும் சம்பளத்திலேயே பிடிக்கப்பட்டுத் தீர்ந்தன. ஒரு தவணையும் தவறியதில்லை, தவறவும் வழியில்லை.

2019 சனவரி இறுதியில், கடுங்குளிர் இரவொன்றில் பதினொரு மணிக்கு ஊரிலிருந்து தொலைபேசி மணி ஒலித்தது. வெளியூரில் வாழும் நம் குடும்பங்கள் ஒவ்வொன்றும் உள்ளூர அஞ்சிக்கொண்டிருக்கும் அந்த மணி எப்படி ஒலிக்கும் என்பதை நான் விவரிக்கத் தேவையில்லை. தந்தையார் மறைந்துவிட்டார். மறுநாள் மாலைக்குமேல் வைத்திருக்க இயலாது என்றார்கள். நான் மூத்த மகன். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறினால் இரண்டு இரவும் ஒரு பகலும் கழியும். விமானத்தில்தான் போகவேண்டும். மூவருக்குக் கட்டணம் நாற்பதாயிரத்தை நெருங்கியது. மாதக் கடைசி, மகளின் பள்ளிக் கட்டணம் அந்த வாரம்தான் கட்டியிருந்தோம், சேமிப்பெல்லாம் அஞ்சலகப் பத்திரங்களில் உறங்கிக்கொண்டிருந்தது. மேல்தளத்தில் தொலைபேசித் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற பஞ்சாபி அன்பர் ஒருவர் குடியிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவர் கேள்வியே கேட்கவில்லை. கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, தம் கடன் அட்டையை எடுத்து, விடியற்காலை விமானத்தில் மூன்று இடங்களைப் பதிவு செய்தார். "பைசே பாத் மே தேக் லேங்கே" என்றார். பணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமாம். ஒரு பஞ்சாபியரிடம் பட்ட கடனால்தான் என் தந்தைக்குரிய கடனை என்னால் செய்ய முடிந்தது.

காரியங்கள் முடிந்து திரும்பியதும் பணத்தைக் கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்க்கவே இல்லை. 2022இல் அவர் தம் மகனோடு வாழ லூதியானாவுக்குப் போய்விட்டார். ஊரில் அம்மாவுக்கு எழுபத்து மூன்று வயது. நமக்கென ஓர் அட்டை வேண்டும் என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

கடன் அட்டை நம் நாட்டுக்குப் புதிதன்று. சென்ட்ரல் பேங்க் ஆப் இந்தியா 1980இலேயே தன் அட்டையை வெளியிட்டுவிட்டது. எனக்குத்தான் புதிது. 2022 ஆகஸ்டில் ஒரு வங்கியில் விண்ணப்பம் வாங்கினேன். முதற்பெயர், நடுப்பெயர், குடும்பப்பெயர் என்று மூன்று கட்டங்கள். நமக்கு ஏது குடும்பப்பெயர்? ஆதார் அட்டையில் நான் தலைப்பெழுத்தோடு இருக்கிறேன். வருமான வரித் துறையின் பான் அட்டையிலோ தலைப்பெழுத்துக்கு இடமில்லை. அதை விரித்தெழுதியதில் தந்தையார் பெயர் என் பெயருக்குப் பின்னால் குடும்பப்பெயராக நிற்கிறது. இருவரும் ஒருவரே என்று ஓர் உறுதிமொழி எழுதித் தந்தேன். வடக்கே வாழும் தமிழர் யார் வீட்டுப் பெட்டியைத் திறந்தாலும் இத்தகைய உறுதிமொழி ஒன்றாவது கிடைக்கும்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. வங்கியின் உட்கொள்கைப்படி விண்ணப்பத்தை ஏற்க இயலவில்லை என்று இரண்டே வரி. அது என்னை வருத்தவில்லை. கடிதத்தின் விளிதான் வருத்தியது. 'அன்புள்ள திரு.' என்பதை அடுத்து என் பெயர் இல்லை; என் தந்தையார் பெயர் இருந்தது. சம்பளம் தாமதமான குற்றத்துக்காக வாய்க்காற்கரையைச் சுற்றி நடந்தவருக்கு, மறைந்து மூன்றாண்டு கழித்து, கடன் பெறும் தகுதி இல்லை என்று தில்லியிலிருந்து ஒரு கடிதம்! மனைவியிடம் காட்டாமல் அதைக் கோப்பில் வைத்தேன்.

மறுநாள் என் தொழில் கைகொடுத்தது. இருபதாண்டுகளாகப் பிறருக்காகக் கடிதம் வரைந்தவன், எனக்காக ஒன்று வரைந்தேன். விண்ணப்பத்தை மறுத்தால் அதற்குரிய காரணத்தைக் குறிப்பிட்டு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் 21இல் வெளியிட்ட கடன் அட்டை நெறிமுறைகளில் உள்ளது. பொருள், பார்வை, நாள் எல்லாம் முறைப்படி இட்டு, அதைச் சுட்டிக்காட்டிக் காரணம் கேட்டேன். என் பெயரைச் சரியாக எழுதும்படியும் ஒரு பத்தி சேர்த்தேன். இம்முறை சரியான பெயருக்கு விடை வந்தது: 'கடன் வரலாறு இல்லை.'

வரலாற்றில் பட்டம் வாங்கியவனுக்கு வரலாறு இல்லை!

கடன் தகவல் அறிக்கையைப் பெற்றுப் பார்த்தபோது காரணம் விளங்கியது. நான் தில்லிக்கு வருவதற்கு முந்தைய ஆண்டு, 2000இல், சிபில் நிறுவனம் தோன்றியது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இன்று இத்தகைய நிறுவனங்கள் நான்கு இயங்குகின்றன. ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொன்றும் நம் அறிக்கையை நமக்கு இலவசமாகத் தரவேண்டும். வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அனுப்பும் விவரங்களைக் கொண்டு 300 முதல் 900 வரை மதிப்பெண் இடுகிறார்கள். வைப்பு நிதி முன்பணமும் எங்கள் சிக்கனச் சங்கத்துக் கடனும் அங்கே போய்ச் சேர்வதில்லை. ஆகவே இருபதாண்டுக் காலம் ஒழுங்காகத் தீர்த்த கடன்கள் எதற்கும் அதில் சுவடில்லை. மேல்தளத்து அன்பருக்குத் தந்த நாற்பதாயிரத்துக்கும் இல்லை. என் பெயரில் அங்கிருந்த பதிவு ஒன்றே ஒன்று: இந்த வங்கி என்னைப் பற்றி விசாரித்தது என்பது.

நண்பர் சிலர் நான்கைந்து வங்கிகளில் ஒரே நேரத்தில் விண்ணப்பிக்கச் சொன்னார்கள். அவ்விதம் செய்யாதீர்கள் என்று அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு விசாரணையும் அறிக்கையில் ஏறும். குறுகிய காலத்தில் பல ஏறினால், இவர் பணமுடையில் தவிக்கிறார் என்றே கருதுவார்கள். நான் சம்பளக் கணக்கு உள்ள வங்கிக்குப் போனேன். அங்கிருந்த இளம் பெண் அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு வேறு வழி சொன்னார். இருபத்தையாயிரம் ரூபாயை நிலையான வைப்பில் போட்டால், அதன்பேரில் இருபதாயிரம் வரம்புள்ள அட்டை தருவார்களாம். என் பணத்தை என்னிடமே அடகு பிடித்து எனக்கே கடன் கொடுக்கும் ஏற்பாடு! சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். கையெழுத்திட்டேன்.

அட்டை வந்ததும் தந்தையாரின் முறையை அப்படியே கைக்கொண்டேன். காய்கறி, மின்கட்டணம், அம்மாவின் மாத்திரை ஆகியவற்றுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துவேன். பட்டியல் வந்த அன்றே முழுத்தொகையையும் செலுத்திவிடுவேன். பட்டியலில் 'குறைந்தபட்சத் தொகை' என்று ஒன்று அச்சிட்டிருப்பார்கள். பெரும்பாலும் நிலுவையில் நூற்றுக்கு ஐந்து அளவில் இருக்கும். அதைக் கட்டினால் போதும் என்று நினைப்பவரே அகப்பட்டுக்கொள்கிறார்கள். மீதிக்கு என் அட்டையில் மாதம் 3.5 விழுக்காடு வட்டி. ஆண்டுக்கு 42 விழுக்காடு ஆகிறது. நிலுவை இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாத நாட்கள் கிடையா. எங்கள் ஊரில் கந்துவட்டிக்காரர் என்று சிலரைத் தூற்றுவார்கள். அவர்களும் இந்தக் கணக்கைக் கேட்டால் வியப்பார்கள்.

ஆறு மாதத்துக்குப் பின் எனக்கும் ஒரு மதிப்பெண் பிறந்தது. 2024 தொடக்கத்தில் அது 760ஐத் தாண்டியது. அதே வங்கி, வைப்பைத் திருப்பித் தந்து, ஒரு லட்சம் வரம்பில் சாதாரண அட்டையை வழங்கிற்று. அவ்வாண்டு மே மாதம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. திருச்சி மருத்துவமனையில் முன்பணம் கேட்டபோது நான் சென்னை விமான நிலையத்தில் இருந்தேன். அங்கிருந்தே கட்டினேன். அம்மா இப்போது கோலூன்றி நடக்கிறார். யார் பணம் கட்டினார்கள் என்று தங்கையிடம் கேட்டாராம்.

சென்ற மாதம் வங்கியிலிருந்து ஒரு கடிதம். என் ஒழுங்கைப் பாராட்டி, வரம்பை மூன்று லட்சமாக உயர்த்த என் இசைவைக் கேட்டிருந்தார்கள். இசைவில்லை என்று பொருள், பார்வை, நாளிட்டு எழுதி அனுப்பினேன். மறுக்க நேர்ந்த காரணத்தையும் எழுத்து மூலமே தெரிவித்திருக்கிறேன்.