விமான நிலையம் ஒன்று, பிரதி மூன்று

ஜூன் 7, சனி

காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் உள்ளேயிருந்து 'டக்... டக்' என்று சத்தம். பல்லியாக இருந்தால் எந்தத் திசையில் கத்தியது என்று பஞ்சாங்கத்தைப் புரட்டி ஆறுதல் தேடியிருக்கலாம். கத்தியது ஹார்ட் டிஸ்க். அதற்கு எந்தத் திசையும் நல்ல திசையில்லை.

அந்த ஒரு டெராபைட்டுக்குள்தான் என் ஆகாயம் முழுவதும் கிடக்கிறது. 2006இல் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ் வந்ததிலிருந்து இறக்கிச் சேர்த்த விமானங்கள், விமான நிலையங்கள், விமானங்களுக்குப் பூசும் வண்ணங்கள். தொடக்கத்தில் வீட்டில் இணைப்பு கிடையாது. பிரவுசிங் சென்டரில் காத்திருந்து இறக்கி, சிடியில் எழுதிக்கொண்டு வருவேன்.

இந்தச் சாக்கில் எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கிவிடலாம் என்று கை பரபரத்தது. அடக்கிக்கொண்டேன். உயிர் ஊசலாடும் டிஸ்கில் ஃபோல்டர்களை இடம் மாற்றுவது, கூரை பற்றி எரியும்போது பீரோவில் புடவை அடுக்குகிற கதை. முதலில் உள்ளது உள்ளபடியே புது டிஸ்குக்கு நகல் எடுத்தேன். முடிய இருட்டிவிட்டது. பதினொரு கோப்புகள் போயின, மற்றவை பிழைத்தன.

ஜூன் 8, ஞாயிறு

நகலைத் திறந்தால் வெட்கமாக இருக்கிறது. 'ஃபைனல்.ஜிப்', 'ஃபைனல்2.ஜிப்', 'நியூ ஃபோல்டர் (3)'. எது விமானம், எது ஓடுபாதை? ஒவ்வொன்றையும் திறந்து 'ரீட்மீ' படித்தால்தான் தெரிகிறது.

ஒரு முறை வகுத்துக்கொண்டேன். பெயரில் முதலில் வகை, அடுத்து நிலையத்தின் நான்கெழுத்துக் குறியீடு, பிறகு செய்தவர் பெயர், பதிப்பு எண், எந்த சிமுலேட்டருக்கானது என்பது. காசு கொடுத்து வாங்கியவற்றுக்கு ரசீதையும் சீரியல் எண்ணையும் அதே ஃபோல்டரில் போட்டேன். இறக்கிய ஜிப்பை அப்படியே மூடி வைப்பது, பிரித்துப் போட்டதை வேறு இடத்தில் வைத்துக்கொள்வது என்றும் முடிவு.

மத்தியானம் ஒரு பாடம். ஒரு போயிங்குக்கு நான் சேர்த்த வண்ணங்களில் ஒன்று மட்டும் பட்டியலில் வரவில்லை. 'ஏர்கிராஃப்ட்.சிஎஃப்ஜி'யை நோட்பேடில் திறந்தேன். ஒவ்வொரு வண்ணத்துக்கும் சதுர அடைப்புக்குள் 'எஃப்எல்டிசிம்' (fltsim) என்று எழுதி 0, 1, 2 என வரிசை எண் தரவேண்டும். எப்போதோ நகலெடுத்து ஒட்டியதில் 7 இரண்டு முறை இருந்தது. இரண்டாவதை 8 ஆக்கினேன். விமானம் வந்து நின்றது.

அப்போதுதான் உறைத்தது: இந்தத் திருத்தம் எந்த ஜிப்பிலும் கிடையாது. திரும்ப இறக்கினால் விமானத்தை உருவாக்கியவர் செய்தது வரும், நான் செய்தது வராது. 'என் கைவேலை' என்று தனி ஃபோல்டர் போட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

'நியூ ஃபோல்டர் (3)'இன் அடியில் மெய்க்ஸ் ஃபீல்டு கிடைத்தது. சிகாகோவில், மிச்சிகன் ஏரிக்கரையில் இருந்த சின்ன விமான நிலையம். 1982இல் வந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரின் முதல் பதிப்பிலேயே விமானம் புறப்படத் தயாராக நின்ற இடம் அதுதான். அடுத்த இருபது வருடம் உலகம் முழுக்க எத்தனையோ பேர் முதன்முதலில் மேலே ஏறியது அந்த ஓடுபாதையிலிருந்துதான். சிகாகோவின் வரைபடம் தெரியாதவனுக்கும் அந்த ஏரிக்கரை தெரியும்.

2003 மார்ச் 30 நள்ளிரவை ஒட்டி, மேயர் ரிச்சர்ட் டேலியின் உத்தரவில் புல்டோசர்கள் வந்தன. முன்னறிவிப்பு கிடையாது. ஓடுபாதையில் பெரிய பெரிய எக்ஸ் வடிவில் பள்ளம் தோண்டிவிட்டுப் போயின. அங்கே நின்றிருந்த விமானங்கள் பிறகு டாக்ஸிவேயிலிருந்து பறந்து வெளியேற வேண்டியதாயிற்று. இன்று அந்த இடம் பூங்கா.

ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ் வந்தபோது அதில் மெய்க்ஸ் இல்லை. யாரோ ஒருவர் ராத்திரிகளில் உட்கார்ந்து அந்தக் கட்டடத்தையும் கோபுரத்தையும் கட்டி, காசு வாங்காமல் கொடுத்திருக்கிறார். ரீட்மீயில் இருந்த முகவரிக்கு நன்றி சொல்லி மின்னஞ்சல் போட்டேன். அப்படி ஒரு முகவரியே இல்லை என்று பத்து நொடியில் திரும்பி வந்தது.

ஹாங்காங்கின் பழைய 'காய் தாக்' விமான நிலையமும் அடுத்த ஃபோல்டரிலேயே இருந்தது. குன்றின் மேல் தீட்டிய சிவப்பு வெள்ளைக் கட்டங்களைப் பார்த்ததும், வீடுகளின் மொட்டை மாடிக்கு மேலே வலப்பக்கம் வளைத்து இறக்கவேண்டிய ஓடுபாதை. 1998 ஜூலையில் மூடிவிட்டார்கள். இவற்றிலெல்லாம் இனி யாரும் இறங்க வழி, இப்படி எங்காவது ஒரு டிஸ்கில் கிடக்கும் ஜிப்தான்.

ஜூன் 14, சனி

புதிய சிமுலேட்டர்களில் வேலை சுலபம். 2020இல் வந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் 'கம்யூனிட்டி' என்ற ஒரே ஃபோல்டர். போட்டால் வரும், எடுத்தால் போகும். எக்ஸ்-பிளேன் என்ற இன்னொரு சிமுலேட்டரில் 'கஸ்டம் சீனரி'. ஆனால் அங்கே எது மேலே, எது கீழே என்பதை 'சீனரி பேக்ஸ்' என்ற சின்னக் கோப்புதான் சொல்கிறது. வரிசை மாறினால் நிலையம் தரைக்கடியில் மறைந்துபோகும். அந்தச் சின்னக் கோப்புக்கும் ஒரு நகல் எடுத்தேன்.

பெரிய சீனரி ஒன்றைப் பென்டிரைவில் போட்டால், காலியிடம் இருந்தும் ஏற்கவில்லை. அது எஃப்ஏடி32இல் ஃபார்மட் செய்தது. ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டினால் ஏற்காது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றியதும் ஏற்றது.

ஜூன் 15, ஞாயிறு

சிமுலேட்டர்காரர்கள் மறக்காத செய்தி ஒன்று உண்டு. 1996இல் தொடங்கிய அவ்சிம் என்ற இணையதளம், இப்படிச் சேர்த்துக்கொள்ளும் ஆட்-ஆன்களின் பெரிய களஞ்சியம். அங்கே இரண்டு சர்வர்கள், ஒன்றுக்கு மற்றொன்று பேக்கப். 2009 மே மாதம் நுழைந்த ஹேக்கர் இரண்டையும் அழித்தான். இரண்டு சாவியையும் ஒரே ஆணியில் மாட்டினால் அது ஒரு சாவிதான். என்னிடமும் இப்போது இரண்டு பிரதிகள், இரண்டும் ஒரே மேசையில்.

மூன்றாவது டிஸ்கை அக்கா வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

"என்னடா இது?"

"விமான நிலையங்கள்க்கா. பீரோவுல வெச்சிரு."

"உனக்கு வயசு அம்பத்தி மூணு, ஞாபகம் இருக்கா?" என்றாள். ஆனால் நகைப்பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்துப் பூட்டினாள்.

கிளம்புமுன் அந்த டிஸ்கை என் லேப்டாப்பில் செருகி, மெய்க்ஸ் ஜிப்பை அதிலிருந்தே பிரித்துப் போட்டுப் பார்த்தேன். ஏரி வந்தது, ஓடுபாதை வந்தது. ஒரு செஸ்னாவை ஏற்றி இறக்கினேன். அக்கா தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நகல் எடுத்தால் மட்டும் பேக்கப் ஆகிவிடாது. அதிலிருந்து ஒன்றையாவது திறந்து ஓட்டிப் பார்த்த பிறகுதான் அந்தப் பெயருக்குத் தகுதி. உங்கள் டிஸ்க் இன்னும் சத்தம் போடவில்லை என்றால், இந்த வாரமே செய்துவிடுங்கள்.