கடைசி சீட்

உங்கள் வீட்டில் மொத்தம் எத்தனை பேர்? அவசரப்பட்டு ‘நாலு’ என்று சொல்லிவிடாதீர்கள். ரேஷன் கார்டு கணக்கு வேறு, குலதெய்வம் கோயிலுக்குக் கிளம்புகிற கணக்கு வேறு. என் வீட்டில் முதல் கணக்குக்கு நாலு பேர். இரண்டாவது கணக்குக்கு ஏழு. நான், மனைவி, ஒரு பையன், ஒரு பெண், அப்பா, அம்மா, அப்புறம் அப்பாவின் அக்காவான அத்தை.

திருநெல்வேலிக்காரர்கள் எந்த ஊரில் பிழைத்தாலும் பங்குனி உத்திரத்தன்று அவரவர் சாஸ்தா கோயிலில் போய் நின்றாக வேண்டும். அந்த சமயத்தில் நெல்லை எக்ஸ்பிரஸில் ஏழு பெர்த் சேர்ந்தாற்போல் கிடைப்பது அந்த சாஸ்தாவே மனசு வைத்தால்தான் உண்டு. 120 நாளைக்கு முன்னால் திறந்துகொண்டிருந்த முன்பதிவை 2024 நவம்பரிலிருந்து 60 நாளாகக் குறைத்தார்கள். வெயிட்டிங் லிஸ்ட் மட்டும் குறையவில்லை. ஆகவே வாடகை வண்டி.

போன வருடம் அப்படிப் போனபோதுதான் வினை வந்தது. ஏழு சீட் வண்டி. அத்தைக்கு 71 வயது. யாரும் சொல்லாமலே கடைசி சீட்டுக்குப் போய் ஓரமாக உட்கார்ந்துகொண்டார். “எனக்கு எங்க இருந்தா என்னய்யா?” என்றார். நாங்களும் சரி என்று விட்டுவிட்டோம். திண்டிவனத்தில் டீ. எல்லோரும் இறங்கினோம். அத்தை இறங்க வேண்டுமானால் நடு சீட்டை மடக்க வேண்டும். நடு சீட்டில் என் பையன் தூங்கிக்கொண்டிருந்தான். “பிள்ளைய எழுப்பாத, எனக்கு ஒண்ணும் வேண்டாம்” என்றார். திருச்சியிலும் அதே பதில். மதுரையிலும் அதே பதில்.

ஊர் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் குளிர் ஜுரம். சிறுநீர்ப் பாதையில் தொற்று. பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் நாலு நாள். “பாட்டி, பயணத்துல தண்ணியே குடிக்கலையா?” என்று டாக்டரம்மா கேட்டார். அத்தை மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அம்மாதான் சொன்னாள். கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரியிலிருந்தே அத்தை தண்ணீரை நிறுத்திவிட்டாராம். முன்பின் தெரியாத டிரைவரிடம் “கொஞ்சம் நிறுத்துப்பா” என்று கேட்கக் கூச்சம். தனக்காக ஏழு பேர் இறங்கி ஏற வேண்டுமே என்று இன்னொரு கூச்சம்.

சொந்த வண்டி வாங்குவது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். பட்ஜெட், மூன்றேகால் லட்சம்.

நான் பி.காம். படித்தவன். படித்த பாவத்துக்கு ஒரு பேப்பரில் கணக்குப் போட்டேன். வருடத்துக்கு மூன்று குடும்பப் பயணம்: நெல்லை, கும்பகோணம், திருவண்ணாமலை. வாடகை மொத்தம் 46 ஆயிரம் ஆகிறது. மூன்றேகால் லட்சத்துக்குப் பழைய வண்டி வாங்கினால், குறைந்து செல் மதிப்பு முறையில் 15 சதவீதம் என்று வைத்தாலும் முதல் வருடத் தேய்மானம் மட்டும் 48,750 ரூபாய். இன்ஷூரன்ஸ், டயர், சர்வீஸ், டீசல் எல்லாம் அதற்கு மேல். உங்களிடம் மறைப்பானேன்? பணக் கணக்கு மட்டும் பார்த்தால், வருடத்தில் மூன்று தடவை ஊருக்குப் போகிறவன் வண்டி வாங்கக் கூடாது. வாடகைக்கு எடுப்பதுதான் புத்திசாலித்தனம். அந்த பேப்பரை மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அதில் அத்தைக்கு ஒரு காலம் இல்லை.

சரி, எந்த வண்டி? யாரைக் கேட்டாலும் ‘இன்னோவா’ என்பார்கள். 2000த்தில் வந்த குவாலிஸை நிறுத்திவிட்டு 2005ல் டொயோட்டா இறக்கிய வண்டி. மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடியதற்கும் விலை இறங்க மாட்டேன் என்கிறது. எங்கள் பாஷையில் சொன்னால், இரும்புக்குக் கொடுப்பது பாதி, குட்வில்லுக்குக் கொடுப்பது பாதி. என் பட்ஜெட்டுக்கு வந்த இன்னோவாக்கள் எல்லாம் டி போர்டில் ஓடி ஓய்ந்து ஓன் போர்டுக்கு மாறியவை. டவேரா இன்னும் மலிவு. ஆனால் ஜெனரல் மோட்டார்ஸ் 2017ல் இந்தியாவில் கார் விற்பதையே நிறுத்திவிட்டது. மஹிந்திராவின் சைலோவும் வருவதில்லை. 2012ல் வந்த எர்டிகா நல்ல வண்டிதான். ஏழு பேரும் உட்கார்ந்தால் பெட்டி வைக்க மிஞ்சுவது 135 லிட்டர் இடம். லிட்டர் என்றால் புரியாது. நம் வீட்டுக்கு வருகிற தண்ணீர் கேன் 20 லிட்டர். எர்டிகாவின் டிக்கியில் ஏழு கேன்கூட அடங்காது. 2019ல் வந்த ட்ரைபரில் 84 லிட்டர், அதாவது நாலே நாலு கேன். ஏழு பேரின் துணிமணி, பிரசாதப் பாத்திரம், அத்தையின் வெற்றிலைப் பெட்டி எல்லாம் எங்கே போகும்?

இந்த விசாரணையில் எனக்கே ஆச்சரியமாக ஒன்று தட்டுப்பட்டது. சல்லிசாகக் கிடைக்கிற பெரிய குடும்ப வண்டிகளில் பலதும் நம்ம ஒரகடத்தில் பிறந்தவை. 2010ல் அங்கே ரெனோ - நிசான் தொழிற்சாலை திறந்தார்கள். 2012ல் நிசான் எவாலியா. பின் கதவுகள் ஆம்னி மாதிரி பக்கவாட்டில் நகரும். பெரியவர்கள் ஏறி இறங்க அருமை. ஆனால் முதலில் வந்த வண்டிகளில் நடு ஜன்னல் திறக்காது. வாந்தி எடுக்கிற பிள்ளைகள் உள்ள தேசத்தில் ஜன்னல் திறக்காத வண்டி! அதே வண்டியை அசோக் லேலண்ட் ‘ஸ்டைல்’ என்ற பெயரில் 2013ல் விற்கப் பார்த்து 2015ல் விட்டுவிட்டது. 2015ல் ரெனோ லாட்ஜி வந்தது. ஐரோப்பாவில் டாசியா என்ற பெயரில், மொராக்கோவின் டாஞ்சியரில் செய்து, நன்றாக விற்ற வண்டி. இங்கே எடுபடவில்லை. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்ததும் அதுவும் போயிற்று.

விற்காத வண்டி மோசமான வண்டியா? நான் கூட்டிக்கொண்டு அலைந்த மெக்கானிக் அண்ணனிடம் கேட்டேன். “என்ஜின் பிரச்னையே இல்ல சார். எவாலியா, ஸ்டைல், லாட்ஜி, டஸ்டர், டெரானோ எல்லாத்துக்கும் அதே ஒண்ணரை லிட்டர் டீசல்தான். டஸ்டர் சாமான் கிடைக்கிற வரைக்கும் என்ஜினுக்குக் கவலையில்ல. ஆனா பாடி சாமான் இருக்கே, டெயில் லைட்டு, பம்பரு, கதவு கைப்பிடி, அதுக்கு நாய் படாத பாடு படணும்.” கம்பெனி கைவிட்ட வண்டி வாங்கப் போகிறவர்கள் இதை ஒருதரம் கேட்டுக்கொள்வது நல்லது. உள்ளே இருக்கிற சாமான் வேறு எந்த வண்டியில் எல்லாம் இருக்கிறது? வெளியே இருப்பது எங்கே கிடைக்கும்?

முதலில் ஒரு யார்டில் ஒரு வண்டி பார்த்தோம். பளபளவென்று, 2014 மாடல், நம்ப முடியாத விலை. அண்ணன் என்ஜினைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நேரே பின் சீட்டுக்குப் போய் சீட் பெல்ட்டைப் பிடித்துக் கடைசி வரை இழுத்தார். உள்ளே சுருண்டிருந்த பாகத்தில் ஒரு சாண் உயரத்துக்குச் சேற்றுக் கறை. சீட்டை நகர்த்தும் தண்டவாளத்தில் துரு. “2015ஆ, 2023ஆன்னு தெரியல. ஆனா முழுகி எழுந்திரிச்ச வண்டி” என்றார். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் 2015 டிசம்பரில் தண்ணீர் எப்படி நின்றது என்று எனக்குத் தெரியும். வண்டியைக் கழுவுகிறவர்கள் கம்பளம் வரைக்கும் கழுவுவார்கள். பெல்ட்டை யாரும் இழுத்துக் கழுவுவதில்லை.

இரண்டாவது வண்டிதான் சேரப்பணஞ்சேரி. வண்டலூர் - வாலாஜாபாத் ரோட்டில் படப்பை தாண்டி, ஒரகடத்துக்கு முன்னால். ஷிப்ட் முடிகிற நேரத்தில் கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. வண்டிக்காரர் அந்தப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறவர். 2016 லாட்ஜி, டீசல், ஒரே ஓனர், 1,12,000 கிலோமீட்டர். ‘நாங்கள் வருகிற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க’ என்று போனிலேயே சொல்லியிருந்தேன். சூடான என்ஜின் நிறைய உண்மைகளை மறைக்கும். அண்ணன் பானெட்டில் கை வைத்துப் பார்த்துத் தலையாட்டினார். ஒரே சாவியில் பிடித்துக்கொண்டது.

அப்புறம் டயர். பக்கவாட்டில் நாலு இலக்கம் பொறித்திருக்கும். 3219 என்றால் 2019ஆம் வருடம் 32ஆவது வாரம் செய்த டயர். பட்டன் எவ்வளவு இருந்தாலும் வயசான டயரை நம்பி ஏழு பேரை ஏற்றிக்கொண்டு மே மாத வெயிலில் நெடுஞ்சாலையில் போகக் கூடாது. அந்த வண்டியில் இரண்டு டயர் அப்படி. டைமிங் பெல்ட் மாற்றியதற்கு பில் இல்லை. “பில் இல்லேன்னா மாத்தலேன்னு அர்த்தம் சார். ஓடும்போது அறுந்தா என்ஜின் காலி” என்றார் அண்ணன். இரண்டையும் விலையில் கழித்துக்கொண்டோம். முன்னால் இரண்டு ஏர்பேக் இருந்தது. டிரைவருக்கு ஏர்பேக் கட்டாயம் என்று விதி வந்ததே 2019 ஜூலையில்தான். அதற்கு முந்தைய மலிவு வேரியன்ட்டுகளை வாங்குகிறவர்கள் இதைக் கண்ணால் பார்த்து வாங்குங்கள்.

இதெல்லாம் அண்ணன் பார்த்தது. நான் பார்க்க வந்தது வேறு. அதற்காகத்தான் அத்தையையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன்.

கதவைத் திறந்ததும் பழக்க தோஷம், அத்தை நேரே கடைசி சீட்டுக்குப் போனார். “பாட்டி, இப்ப இறங்குங்க பாப்போம்” என்றார் அண்ணன். முட்டி மடங்கவில்லை. ஒரு கை என் தோளில், ஒரு கை கூரையில். இறங்கி முடிக்க இரண்டு நிமிஷம் ஆனது. வியர்த்துவிட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடைசி சீட் வசதியாக இருக்கிற வண்டியைத்தான் இத்தனை நாளும் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். என் பட்ஜெட்டில் அப்படி ஒன்று கிடையாது. பார்க்க வேண்டியது நடு வரிசையை. இந்த வண்டியில் நடுவில் இரண்டு தனித்தனி சீட், இடையில் ஒரு சந்து. சின்னதுகள் அந்த சந்து வழியாகப் பின்னால் போய்விடும். பெரியவர்களுக்கு ஆளுக்கொரு கதவு. யாரையும் எழுப்பாமல் இறங்கலாம்.

அத்தையை நடு சீட்டில் உட்காரவைத்தேன். கதவைத் தானே திறந்து இறங்கினார். மறுபடி ஏறினார். இன்னொரு தரம் இறங்கினார். “நல்லாத்தான் இருக்கு” என்றார். டிக்கியில் ஏழு பேரோடும் 207 லிட்டர். பத்து தண்ணீர் கேன்.

“ஏன் விற்கிறீங்க?” என்று கேட்டேன். “வாங்கினப்போ வீட்ல எட்டு பேர் சார். தங்கச்சிங்க கல்யாணமாகிப் போயிட்டாங்க. அம்மாவும் இல்ல. இப்ப மூணு பேருக்கு இது எதுக்கு?” என்றார். பேரம் பேச வந்த எனக்குக் கொஞ்ச நேரம் வாய் வரவில்லை. கடைசியில் 3,05,000க்கு முடிந்தது. உள்ளே போய், எப்போதோ வாங்கி வைத்திருந்த ஒரு கதவுக் கைப்பிடியை எடுத்து வந்து கொடுத்தார். “இது கிடைக்காது சார், வச்சுக்குங்க.”

ஃபாரம் 29, 30ல் கையெழுத்து, பேங்க் கடனுக்கான என்.ஓ.சி., ஃபாரம் 35 எல்லாம் தயாராக வைத்திருந்தார். சீக்கிரம் பெயர் மாற்றச் சொல்லி அவர்தான் என்னை அவசரப்படுத்தினார். நியாயம்தான். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று சுப்ரீம் கோர்ட் 2018ல் சொல்லியிருக்கிறது. பழைய வண்டியை விற்றுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் எழுந்து ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பங்குனிக்குக் கிளம்பும்போது அப்பா முன்னால், அம்மாவும் அத்தையும் நடுவில். பிள்ளைகளோடு கடைசி சீட்டுக்குப் போக வேண்டியவள் மனைவி. “ஓஹோ, அத்தைக்குப் பதில் இப்ப நானா?” என்றாள். நல்ல கேள்வி. திருச்சி வரை நான் ஓட்டுவது, அங்கிருந்து அவள் ஓட்டுவது, நான் பின்னால் போவது என்று ஒப்பந்தம் ஆனது.

அத்தை மேல்மருவத்தூர் வருவதற்குள் ஒரு பாட்டில் தண்ணீரைக் காலி செய்துவிட்டார். “எய்யா, கொஞ்சம் ஓரமா நிப்பாட்டுதியா?” என்று முதல் குரல். திருச்சிக்குள் இன்னும் மூன்று தடவை. அப்பா வாட்சைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

திருச்சியில் நான் கடைசி சீட்டுக்குப் போனேன். முட்டி நெஞ்சைத் தொட்டது. ஒரு பக்கம் பையனின் தலை, இன்னொரு பக்கம் பாத்திர மூட்டை. மதுரை தாண்டியதும் வயிறு முட்டிக்கொண்டு வந்தது. முன்னால் எல்லோரும் தூக்கம். மனைவி நல்ல வேகத்தில் ஓட்டிக்கொண்டிருந்தாள். கேட்கலாமா, விருதுநகர் வரட்டுமா என்று நான் நெளிந்துகொண்டிருந்தபோது, தூங்குவதாக நான் நினைத்த அத்தை தலையைத் திருப்பிப் பார்த்தார்.

“என்னய்யா, நிப்பாட்டச் சொல்லட்டா?”