தெய்வம்னு சொல்லிட்டு நழுவினவங்க

விழுப்புரம்

அடியே என் செல்லமே,

உன் நலத்தை அப்புறம் விசாரிக்கிறேன், முதல்ல சமாச்சாரம். என்னை விட்டுட்டு நழுவின நம்ம ஆளுக்குத் திண்டிவனத்துல கல்யாணம் முடிஞ்சாச்சு. எனக்குப் பத்திரிகை வரலை. ஆனா எங்க அத்தை போய் மொய் எழுதிட்டு, ரெண்டாம் பந்தியில சாப்பிட்டுட்டு, பொண்ணு கழுத்துல எத்தனை சவரன்னு கணக்கெடுத்துக்கிட்டு வந்துட்டாங்க. பாயசம் அடிப்பிடிச்ச வாசனையாம். அது எனக்காகச் சொன்ன ஆறுதல்னு நினைக்கிறேன்!

உன்கிட்ட ஒண்ணு சொல்லாம வெச்சிருந்தேன். அவன் என்கிட்ட கடைசியா பேசினப்போ, "நீ தெய்வம் மாதிரி, உனக்கு நான் லாயக்கில்லை"ன்னான். அன்னிக்கு எனக்கு வாயடைச்சுப் போச்சு. அப்புறம் பெரியபுராணத்தைப் புரட்டினா, இது சேக்கிழார் காலத்துக்கும் முந்தின தந்திரம்டீ.

காரைக்கால் அம்மையாரான புனிதவதி கதை உனக்குத் தெரிஞ்சதுதான். புருஷன் பரமதத்தன் வீட்டுக்கு அனுப்பின ரெண்டு மாம்பழத்துல ஒண்ணைப் பசியோட வந்த அடியாருக்குப் போட்டுட்டா. மத்தியானம் அவன் மிச்சத்தைத் தின்னுட்டு இன்னொண்ணும் கேட்டான். அவ வேண்டிக்கிட்டதும் கையில ஒரு பழம் வந்துச்சு. ருசி வேற மாதிரி இருக்கேன்னு அவன் துருவினான், அவளும் மறைக்காம சொல்லிட்டா. 'அப்படியா, இன்னொண்ணு வரவழை பாப்போம்'னான். வந்துச்சு, அவன் கைக்குப் போனதும் மறைஞ்சுச்சு. ஆளுக்குக் குலை நடுங்கிடுச்சு. வியாபாரம்னு கப்பல் ஏறினவன் பாண்டி நாட்டுல இன்னொருத்தியைக் கட்டிக்கிட்டு, பொறந்த பொண்ணுக்குப் புனிதவதின்னே பேரும் வெச்சான். சொந்தக்காரங்க இவளைப் பல்லக்குல அழைச்சுக்கிட்டுப் போனா, புதுப் பொண்டாட்டி, குழந்தை சகிதமா கால்ல விழுந்து 'இவங்க மனுஷி இல்லை, தெய்வம்'னான். ஊரே கையெடுத்துக் கும்பிடுது. அதுக்கப்புறம் 'ஏன்டா என்னை விட்டுட்டுப் போனே'ன்னு எவ கேக்க முடியும்? மரியாதையாலேயே வாயை மூடிட்டான் பாரு!

அவ அழுது ஆர்ப்பாட்டம் பண்ணலை. 'இவனுக்காகச் சுமந்த சதை இனி எனக்கெதுக்கு'ன்னு உதறிட்டுப் பேயுருவம் கேட்டு வாங்கிக்கிட்டா. அப்புறம் உக்காந்து எழுதினா: அற்புதத் திருவந்தாதி, இரட்டை மணிமாலை, திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகம் ரெண்டு. தேவாரத்துக்கும் முந்தினதுங்கிறதாலதான் 'மூத்த'. பதிகக் கடைசியில 'காரைக்கால் பேய்'னு கையெழுத்து மாதிரி தன்னைச் சொல்லிக்கிறா. இன்னார் பொண்டாட்டிங்கிற பேச்சே இல்லை. கங்கைகொண்ட சோழபுரத்துல ஆடுற சிவன் காலடியில எலும்பும் தோலுமா தாளம் தட்டிக்கிட்டு இருக்கிறது அவதான். அந்தச் சிற்பத்துல பரமதத்தன் இல்லை.

இப்போ எனக்குத் தெம்பு கொடுத்த இன்னொருத்தியைப் பத்திச் சொல்ல, எங்க ஊர்ப்பக்கத்துப் பனமலைக்கு வரேன். ஏரிக்கரையில அந்தக் குன்று, மேல ராஜசிம்ம பல்லவன் எடுத்த தாளகிரீஸ்வரர் கோயில், ஆயிரத்து முந்நூறு வருஷத்துக் கட்டடம். சின்ன சந்நிதி ஒண்ணுல சுவத்துல ஓவியமா உமை நிக்கிறா. தலைக்கு மேல குடை, உசந்த மகுடம், முகத்தை ஒருபக்கம் சாய்ச்சு, ஒரு காலை மடிச்சுப் பின்னால ஊணிக்கிட்டு சிவன் ஆடுறதைப் பாக்குறா. வேடிக்கை என்னன்னா, ஆடுறவரு பெரும்பாலும் அழிஞ்சு போயிட்டாரு. பாத்துக்கிட்டு இருக்கிறவதான் மிச்சம்! அவ மூஞ்சியில ஒரு குறையும் தெரியலைடீ. என்னமா ஒரு நிதானம்!

கோயில் அடித்தளத்தைச் சுத்திக் கல்லுல கிரந்த எழுத்து ஓடுது. பல்லவ வம்சத்தைச் சொல்ற சமஸ்கிருத சுலோகங்க. இத்தனை வருஷம் அதைக் கோலம் மாதிரி பாத்துட்டுப் போயிருக்கேன். இப்போ எழுத்து அட்டவணையை வெச்சுக்கிட்டு ஒவ்வொரு எழுத்தாப் படிக்க உக்காந்துட்டேன். கல்வெட்டுப் படிப்புக்கு விண்ணப்பம் போடப் போறேன். அம்மா, 'இதைப் படிச்சா எவன் கட்டிப்பான்'ங்கிறாங்க. கட்டிக்கிறவன் வரட்டும், வராமயும் போகட்டும். எனக்குக் காலையில எழுந்ததும் செய்ய வேலை இருக்கு. பரமதத்தன் திரும்பி வரணும்னு காத்துக்கிட்டே இருந்திருந்தா புனிதவதி ஒரு வெண்பா எழுதியிருப்பாளா?

போன கடிதாசுல உன் ஆளைப் பத்தி, 'என்னைச் சாமியா நினைக்கிறார்'னு எழுதியிருந்தியே. சாமியெல்லாம் வேண்டாம், கல்யாணத் தேதி என்னன்னு நேராவே கேளு. பதில் எதுவானாலும் உடனே எழுது.

உன் உயிர்த்தோழி