கடைசிச் சுற்றில் வந்த பெயர்

சென்ற மாதம் நமது சங்கத்தின் கூட்டம் முடிந்து எல்லோரும் காப்பி அருந்திக்கொண்டிருந்த வேளையில், அன்பர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து யோசனை கேட்டார். அவருடைய மகன் கபடி விளையாடுகிறவன். தொழில்முறை அணி ஒன்று ஏலத்தின் இறுதி நேரத்தில் அவனை எடுத்துக்கொண்டிருக்கிறதாம். கல்லூரியில் இன்னும் ஓராண்டுப் படிப்பு பாக்கி. "படிப்பை நிறுத்திவிடலாமா, சார்? தாங்கள் இந்த விஷயத்தில் அனுபவப்பட்டவர் ஆயிற்றே" என்றார். அனுபவப்பட்டவன்தான். ஆனால் அந்த அனுபவம் காப்பிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லக்கூடியதாக இல்லை. ஆகையால் எழுதுகிறேன்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. மட்டும் தேறியவன். ரயில்வேயில் கடைநிலை ஊழியனாகச் சேர்ந்து, இலாகாத் தேர்வு எழுதிக் குமாஸ்தா ஆனேன். சாணக்யபுரியில், ரயில் அருங்காட்சியகத்துக்கு நடந்து போகும் தூரத்தில் எங்கள் குடியிருப்பு. பூர்வீகம் சென்னை வியாசர்பாடி. அந்தப் பேட்டையில் பிறந்த பிள்ளைக்குப் பந்து உதைக்க யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. என் மூத்த அக்காளின் மகனும் அப்படித்தான் ஆட்டக்காரன் ஆனான். அத்தான் காலமான பின் அக்காள் தையல் இயந்திரம் ஒன்றை வைத்துக்கொண்டு அவனையும் அவன் தங்கையையும் வளர்த்தாள்.

2017ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் தேதி மும்பையில் இந்தியன் சூப்பர் லீக் கால்பந்துப் போட்டிக்கு வீரர்களைத் தெரிந்தெடுக்கும் வைபவம் நடைபெற்றது. அது ஏலமன்று. ஒவ்வொரு வீரனுக்கும் தொகை முன்னதாகவே குறிக்கப்பட்டிருந்தது. பத்துக் கழகங்களும் முறை வைத்து, 15 சுற்றுகளில், பட்டியலிலிருந்து ஆட்களை எடுத்துக்கொண்டன. முதற் பெயராக வந்தவர் கேரளத்து அனஸ் எடத்தொடிகா. ஜாம்ஷெட்பூர் அவரை 1 கோடியே 10 லட்சத்துக்கு எடுத்துக்கொண்டது. என் மருமானின் பெயர் மாலையில், பட்டியல் மெலிந்துபோன பின்பு வந்தது. எந்தக் கழகம் என்று சொல்லப்போவதில்லை.

"மாமா, என் பேர் வந்துடுச்சு" என்று தொலைபேசியில் கத்தினான். எத்தனையாவது சுற்று என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அன்று இரவே அரைக் கிலோ மைசூர்ப்பாகு வாங்கி அண்டை வீடுகளுக்கெல்லாம் கொடுத்தேன். அக்காளிடம், "இனி நீ தையல் இயந்திரத்தை மூடி வைக்கலாம்" என்று சொன்னேன். அவள் அதை நம்பினாள். தம்பி தில்லியில் உத்தியோகத்தில் இருக்கிறவன், விவரம் தெரிந்தவன் அல்லவா!

ஒரு குமாஸ்தாவுக்குக் கூட்டல் கழித்தல் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கணக்கை அன்று நான் போட்டுப் பார்க்கவில்லை. ஒரு கழகத்தில் ஏறத்தாழ 25 வீரர்கள். அவர்களில் அந்நியநாட்டார் எண்மர் வரை இருக்கலாம். எஞ்சிய இந்தியர் 17 பேர். களத்தில் இறங்குவோர் 11 பேர். அந்த ஆண்டு விதிப்படி அவர்களில் ஐவர் வரை அந்நியர். ஆக, இந்தியருக்கு நிச்சயமாக உள்ள இடம் ஆறு. ஆறு இடத்துக்குப் பதினேழு பேர்! அந்தப் பதினேழில் முதலிற் சேர்த்துக்கொள்ளப்பட்டவனுக்குக் கழகம் பெருந்தொகை கொடுத்திருக்கிறது. அவனை ஆடவிட்டுத்தான் தீரும். கடைசியில் வந்தவன் பயிற்சிக்கு ஆள் வேண்டும் என்பதற்காகவும், யாருக்கேனும் கால் பிசகினால் உதவட்டும் என்பதற்காகவும் வந்தவன். இதில் அநியாயம் ஏதுமில்லை. நாங்கள்தான் அதை வேறொன்றாக நினைத்துக்கொண்டோம்.

அமெரிக்காவில் இந்த முறை நெடுங்காலமாக நடந்துவருகிறது. அவர்கள் கால்பந்து என்று சொல்வது நம் கால்பந்தன்று; கையில் முட்டை வடிவப் பந்தை ஏந்திக்கொண்டு ஓடும் ஆட்டம். அங்கே ஏழு சுற்றுகள். அனைவருக்கும் கடைசியாக எடுக்கப்படுகிறவருக்கு 'பொருட்படுத்த வேண்டாதவர்' என்று பொருள்படும் ஒரு வேடிக்கைப் பட்டமே உண்டு. 2000ஆம் ஆண்டில் 199ஆவது ஆளாக வந்த டாம் பிரேடி ஏழு முறை வாகை சூடினார். 2022இல் 262ஆவதாக, கடைசியிலும் கடைசியாக வந்த பிராக் பர்டி 2024இல் தம் அணியை இறுதிப் போட்டி வரை நடத்திச் சென்றார். இவ்விரு கதைகளையும் எனக்குச் சொல்லாதவர் இல்லை. ஆனால் அவர்களோடு கடைசிச் சுற்றுகளில் வந்த மற்றவர் பெயரை யாரேனும் சொல்லக் கேட்டிருக்கிறோமா?

நம்மவரிலும் ஒருவரைக் குறிப்பிட வேண்டும். அதே 2017இல் சென்னை இளைஞர் நந்தகுமார் சேகர் நம் தில்லியின் டைனமோஸ் கழகத்துக்கு வந்தார். அந்தக் கழகம் 2019இல் ஒடிசாவுக்குக் குடிபெயர்ந்தபோது அவரும் போனார். 2023இல்தான் இந்திய அணியின் சட்டையை அணிந்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்கால் அடித்த ஒரே கோல் அவருடையது. ஆறு ஆண்டுகள் பொறுத்துக் கிடைத்த புகழ். பொறுத்திருக்க ஆறு ஆண்டு எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். பெயர் வந்த சில வாரங்களுக்குள், ரயில்வேயின் கோட்டம் ஒன்றிலிருந்து விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கான தேர்வுக்கு வரும்படி அவனுக்குக் கடிதம் வந்தது. மாநில அணிக்கு ஆடியவன் என்ற தகுதியில் விண்ணப்பித்திருந்தான். "போகட்டுமா, மாமா?" என்று கேட்டான். "என்னைப் போலக் கோப்பு கட்டவா பிறந்தாய்?" என்றேன். அவன் போகவில்லை.

ரயில்வேயில் சோறு உண்டுகொண்டு அப்படிச் சொன்னேன். பி.கே. பானர்ஜி என்ன ஆட்டக்காரர்! 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணிக்குத் தலைவர். கல்கத்தாவின் பெரிய கழகங்களுக்குப் போகாமல் கிழக்கு ரயில்வேக்கே ஆடி, 1958இல் அதற்குக் கல்கத்தா லீக்கை வென்று தந்தவர். ரயில்வே வேலை ஆட்டத்துக்கு முடிவன்று என்பதற்கு அவரைவிட யார் வேண்டும்? இதெல்லாம் அன்றே எனக்குத் தெரியும். தெரிந்தும் நாக்கு அப்படிப் பேசிற்று.

ஒப்பந்தம் ஓராண்டுக்கு மட்டுமே. அதில் அவன் களத்தில் நின்றது, எனக்குத் தெரிந்தவரை, இரண்டு ஆட்டங்களில்; இரண்டிலும் முடிவு நெருங்கிய பின் மாற்று வீரனாக. தரகர் பங்கு, வரிப் பிடித்தம், காலணி, பயணம் எல்லாம் போக மிஞ்சியதில் தங்கையின் கல்லூரிக் கட்டணம் கட்டப்பட்டது. அதை அவன் இன்றும் பெருமையாகச் சொல்வான், சொல்லத்தான் வேண்டும். 2018இல் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. கீழ்நிலைப் போட்டியில் ஒரு பருவம் ஆடினான், முழங்கால் வீங்கிற்று, சிகிச்சைச் செலவு எங்களுடையது. மீண்டும் ரயில்வே விளம்பரத்தைத் தேடியபோது வயது 25 கடந்துவிட்டிருந்தது. இந்த ஒதுக்கீட்டில் வயது வரம்பு 18 முதல் 25. எவருக்கும் சலுகை கிடையாது. அந்த விதி அச்சிட்ட தாள் என் மேஜையிலேயே கிடந்தது.

அக்காள் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. தையல் இயந்திரத்தை மூடவும் இல்லை. "மூடறேன்னு நான் எப்பவாவது சொன்னேனா, தம்பி?" என்று ஒருமுறை கேட்டாள், அவ்வளவுதான். மருமான் இப்பொழுது ஒரு பள்ளியில் விளையாட்டுப் பயிற்சியாளன். காலையில் பேட்டைப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தருகிறான். அந்தத் தெரிந்தெடுப்பு முறையைச் சூப்பர் லீக்கே பின்னர் கைவிட்டுவிட்டது. கபடியிலும் கிரிக்கெட்டிலும் ஏலம் நடக்கிறது. கடைசி நேரத்தில் வாசிக்கப்படும் பெயர்களும் இருக்கின்றன.

கூட்டத்தன்று கேட்ட அன்பருக்கு மறுநாள் தொலைபேசியில் சொன்னேன்: பையன் போகட்டும். பெயர் வந்தது பொய்யன்று. பல்லாயிரம் பேருக்கு வராத பெயர். ஆனால் பரீட்சையை எழுதிவிட்டே போகட்டும். இந்த ஆண்டு களத்தில் இறங்காவிட்டாலும் வியப்பில்லை என்று அவனுடைய தாயாரிடம் இப்பொழுதே சொல்லிவிடுங்கள். ஒப்பந்தம் எத்தனை ஆண்டுக்கு, அடிபட்டால் செலவு யாருடையது, தரகருக்கு எவ்வளவு என்று பார்க்காமல் கையெழுத்துப் போடவேண்டாம். மனை வாங்க முன்பணம் கொடுக்கப்போவதாக அவர் சொன்னதை மட்டும் அடுத்த ஆண்டு வரை ஒத்திப்போடச் சொன்னேன். சிறிது மௌனத்துக்குப் பிறகு, "முன்பணம் கொடுத்தாகிவிட்டதே, சார்" என்றார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர் ஒப்பந்தத் தாளுடன் எங்கள் இல்லத்துக்கு வருகிறார். அன்று தொலைபேசியில் இருக்கும்படி மருமானிடமும் சொல்லியிருக்கிறேன். நான் பார்க்கத் தவறும் வரி அவன் கண்ணில் படும்.