ஆறட்டும், அப்புறம் பார்ப்போம்

உளுந்தூர்ப்பேட்டையைத் தாண்டித் திருச்சி போகும் வழியில், சர்வீஸ் சாலையை ஒட்டி ஒரு மெக்கானிக்கின் தகரக் கொட்டகை. பெயர்ப்பலகை கிடையாது. சுவரில் மாட்டிய பழைய புல்லட் டேங்க் ஒன்றுதான் அடையாளம். நல்ல வெயிலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தேன். வேலை முடிந்த பிறகும் கிளம்ப மனமில்லாமல் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன்.

என்னுடையது பழைய வார்ப்பிரும்பு என்ஜின் புல்லட். வலது காலில் கியர், இடது காலில் பிரேக். அன்று அதற்கு வந்த நோய் விசித்திரமானது. நன்றாக ஓடும், சூடேறியதும் படபடவென்று வெடித்து நின்றுவிடும். ஆறினால் ஒரே உதையில் கிளம்பும். வழியில் ஒரு கடையில் பிளக்கை மாற்றினார்கள், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள், காயிலையும் மாற்றிப் பார்த்துவிடலாம் என்றார்கள்.

அண்ணன் எதையும் கழற்றவில்லை. (கடைப் பையன் அப்படித்தான் கூப்பிட்டான், நானும் ஒட்டிக்கொண்டேன்.) கேள்விதான் கேட்டார்.

"நிக்கறதுக்கு முன்னாடி வெடிச்சுதா, இல்ல பெட்ரோல் தீந்த மாதிரி தேஞ்சு நின்னுச்சா சார்?"

வெடித்தது என்றேன். சிலிண்டருக்குப் பின்னால் இருந்த பாயிண்ட் மூடியைத் திறந்து, பையனை உதைக்கச் சொல்லி, உள்ளங்கையால் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு பார்த்தார். பாயிண்டின் இரு முனைகளுக்கு நடுவே பளீரென்று நீலப் பொறி.

"கண்டன்சர் போச்சு. காயில்மேல கை வைக்காதீங்க."

பாயிண்ட் திறக்கும் கணத்தில் காயிலில் ஓடும் மின்சாரம் அறுபடும். பிளக்குக்கு வேண்டிய ஆயிரக்கணக்கான வோல்ட் அந்த அறுப்பில்தான் பிறக்கிறது. அறுபட்ட மின்சாரம் பாயிண்டின் இடைவெளியைத் தாவிவிடாதபடி வாங்கிக்கொள்வது கண்டன்சர், விரல்நுனி அளவுள்ள ஓர் உலோக உருளை. அது சூட்டில் கெட்டால் பொறி பாயிண்டிலேயே செலவாகிப் பிளக் பட்டினி கிடக்கும். ஆறியதும் சாதுவாகிவிடுவதால் அதன்மேல் யாருக்கும் சந்தேகம் வராது. என் வண்டியில் இருந்தது எங்கோ வாங்கிய டூப்ளிகேட்.

புதியதை மாட்டி, கரிந்த பாயிண்டை எமரித்தாளால் தேய்த்து, ஃபீலர் கேஜால் இடைவெளி வைத்தார். அடுத்து டைமிங். அதற்கு அவரிடம் இருந்த கருவிகள் இரண்டு: சிகரெட் பெட்டியிலிருந்து எடுத்த மெல்லிய தாள், அரத்தால் இரண்டு கோடு கீறிய சைக்கிள் போக்ஸ் கம்பி. கம்பியைப் பிளக் துளை வழியே விட்டால் பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று தெரியும். தாளைப் பாயிண்டுக்கு நடுவே செருகி, லேசாக இழுத்தபடியே என்ஜினைச் சுற்ற வேண்டும். பிடி விட்டுத் தாள் வழுக்கும் இடத்தில் பாயிண்ட் திறக்கிறது என்று பொருள். பிஸ்டன் உச்சிக்கு வர 0.8 மில்லிமீட்டர் இருக்கும்போது அது நடக்க வேண்டும். முதலில் பையனைச் செய்யவிட்டார். அவன் தாளை வெடுக்கென்று இழுத்துக் கிழித்துவிட்டான். "அது உருவுனா வரணும்டா, நீ பறிக்கிற," என்று இன்னொரு தாளை நீட்டினார்.

அண்ணன் சென்னை புதுப்பேட்டையில் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் கற்றவர். திருவொற்றியூரில் 1956-ல் தொடங்கிய புல்லட் உற்பத்தியில், அடிப்படை மாறாத இந்த என்ஜின் அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடியது. ஒருவர் கற்றது அடுத்தவர் காலத்துக்கும் செல்லுபடியானது. இப்படி ஒரு வாய்ப்பு வேறு எந்த மெக்கானிக்குக்கும் வாய்த்திருக்குமா என்று தெரியவில்லை.

இடையில் ஒருவர் அவசரமாக வந்தார். டாப்பெட் சத்தம், உடனே செட் பண்ண வேண்டும். அண்ணன் ஸ்குரூடிரைவரின் முனையை என்ஜினிலும் பிடியைக் காதிலும் வைத்துக் கேட்டார். "டாப்பெட்தான். ஆறட்டும், அப்புறம் பார்ப்போம்." புஷ்ராடை இரண்டு விரலால் உருட்டினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. இதைக் குளிர்ந்த என்ஜினில்தான் பார்க்க முடியும். வந்தவர் முணுமுணுத்துவிட்டு வேறு கடை தேடிப் போனார். அண்ணன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

எனக்கு அவர் சொன்ன கூலி, முந்தைய கடையில் நான் கொடுத்ததில் பாதிகூட இல்லை. பொருளுக்குக் கேட்ட விலையை வாய் திறக்காமல் கொடுப்பவர்கள் கூலி என்றதும் பேரம் பேசுகிறார்கள் என்று சிரித்தார். நான் பேரம் பேசவில்லை, கூடுதலாக நீட்டினேன். எண்ணிப் பார்த்து மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தார். அதோடு, டூல் பெட்டியில் எப்போதும் ஒரு நல்ல கண்டன்சர் கிடக்கட்டும் என்றார்.

கிளம்பும் நேரத்தில் புதிய வண்டி ஒன்று வந்தது. 2020-ல் பி.எஸ். 6 விதி வந்த பிறகு வெளிவந்தது. கார்புரேட்டரும் இல்லை, பாயிண்டும் இல்லை. மஞ்சள் விளக்கு அணையவில்லையாம். ஸ்கேனர் வைத்திருக்கும் பக்கத்து ஊர்ப் பையனுக்கு அண்ணன் போன் போட்டார். பிறகு வண்டிக்காரரைப் பார்த்துக் கேட்டார்: "வெளக்கு எரியறதுக்கு முன்னாடி வண்டி எப்படி ஓடுச்சு, அதச் சொல்லுங்க."