வள்ளி மேல் போட்ட பழி

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு மீன்தொட்டி இருக்கிறது. "இதில் என்ன அதிசயம், எங்கள் வீட்டிலும்தான் இருக்கிறது" என்பீர்கள். எங்களுடையது உப்புத் தண்ணீர்த் தொட்டி. மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். ஏறக்குறைய 190 லிட்டர் பிடிக்கும். லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்று கணக்குப் போட்டு, அதற்கென்றே விற்கும் உப்பை ஆறு கிலோவுக்கு மேல் கரைத்து, சின்னதாக ஒரு கடலையே கூடத்தில் கொண்டு வந்து வைத்தார் என்னவர். எல்லாம் எங்கள் பையன் பாபு, 'நீமோ' மீன் சினிமாவைப் பார்த்துவிட்டுப் பிடித்த அடத்தினால் வந்தது!

2022 ஜூனில் வைத்தோம். ஆரஞ்சும் வெள்ளையுமாக இரண்டு கோமாளி மீன்கள், மஞ்சள் வால் வைத்த இரண்டு நீல மீன்கள், ஒரு சிவப்பு வரி இறால், கண்ணாடியில் பாசி தின்ன ஆறு நத்தைகள். கோமாளி மீன்களைக் கடலில் பிடிக்க வேண்டியதில்லை, பண்ணையிலேயே பொரித்து வளர்க்கிறார்கள். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். பவளப்பாறையை மட்டும் தொடக்கூடாது, 2001 முதல் சட்டப்படி அது குற்றம். அதனால் செயற்கைப் பாறைதான் வைத்தோம்.

ஏழு மாதம் ஒரு குறையும் இல்லை. 2023 ஜனவரியில் அவருக்குக் கோவைக்கு மாற்றல் வந்தது. சனி, ஞாயிறு மட்டும் வருவார். தொட்டி என் பொறுப்பாயிற்று.

பெரிய வேலை ஒன்றுமில்லை. காலையில் ஒரு சிட்டிகை தீனி. அப்புறம், வற்றிப்போன அளவுக்குத் தண்ணீர் விட வேண்டும். சென்னை வெயிலுக்குத் தொட்டி மேல் சின்ன மின்விசிறி சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் தினம் இரண்டு லிட்டராவது ஆவியாகிவிடும். போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு போகாது. ஆகவே உப்பில்லாத நல்ல தண்ணீராகத்தான் விட வேண்டும். "குழாய்த் தண்ணி வேண்டாம், ஆர்.ஓ. தண்ணியே விடு" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படியே செய்தேன்.

மார்ச் கடைசியில் ஒரு நாள் காலை நத்தைகளில் இரண்டு மல்லாந்து மணலில் கிடந்தன. வயசாகியிருக்கும் என்று எடுத்துப் போட்டேன். நான்கு நாள் கழித்து இறால். பிறகு மிச்ச நத்தைகள். அதற்குப் பிறகுதான் மீன்கள். நீல மீன் ஒன்று தண்ணீர் மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. மறுநாள் அது இல்லை. அதற்கடுத்த வாரம் இன்னொன்று. பாபு பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் தொட்டியின் முன்னால் நின்று, "இன்னிக்கு எத்தனைம்மா?" என்று எண்ணுவான்.

போனில் அவர் சொன்னபடியெல்லாம் சோதித்தேன். அம்மோனியா இல்லை, நைட்ரைட் இல்லை. உப்பின் அளவு சரி, சூடும் சரி. காற்று போகும் மோட்டாரும் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாம் சரியாக இருந்தால் மீன் ஏன் சாக வேண்டும்?

எல்லாம் சரியாக இருந்தால் யாரோ தப்பு செய்திருக்க வேண்டும் என்றுதானே நம் மனம் போகிறது? என் கண்ணில் பட்டவள் வள்ளி.

வள்ளி எங்கள் வீட்டில் நான்கு வருஷமாக வேலை செய்கிறாள். பினாயில் விட்டுத் தரை துடைப்பாள், அதே கையோடு தொட்டிக் கண்ணாடியையும் ஒரு தடவை துடைத்துவிடுவாள். இரண்டாவது நீல மீன் செத்த அன்று கூடத்தில் நின்றுகொண்டு பொரிந்து தள்ளினேன்.

"பினாயில் துணியை உள்ளே தோய்ச்சியா? உண்மையைச் சொல்லு!"

"இல்லக்கா. நான் வெளிக் கண்ணாடியத் தவிர எதையும் தொட்டதில்லக்கா. அதுக்கும் வேற துணிதான்."

"அப்ப மீன் தானாவா சாகுது?"

மாடி வீட்டு மாமி அப்போது வாசலில் நின்றிருந்தார். அவர் வீட்டிலும் வள்ளிதான் வேலை. நான் அதை யோசிக்கவே இல்லை. வள்ளி பதில் பேசாமல் வாளியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். அந்த மாதக் கடைசியில் மாமி, "கவனக் குறைவா இருக்கியாமே, குழந்தை இருக்கிற வீடும்மா இது" என்று அவளை நிறுத்திவிட்டார். வள்ளி அதைக்கூட என்னிடம் சொல்லவில்லை. வாட்ச்மேன் சொல்லித்தான் தெரிந்தது.

அந்தச் சனிக்கிழமை அவர் வந்ததும் ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரை எடுத்துக்கொண்டு கொளத்தூர் போனோம். அலங்கார மீனுக்கு அங்கேதான் தெருத் தெருவாகக் கடைகள். கடல் மீன் வைத்திருந்த ஒரு கடையில் வயசான ஒருவர் எங்கள் கதையை முழுக்கக் கேட்டார். பிறகு ஒரே கேள்வி கேட்டார்:

"முதல்ல எதும்மா செத்துச்சு?"

"நத்தை. அப்புறம் இறால். அப்புறம்தான் மீன்."

"அப்ப செம்பு பாத்துருவோம்" என்று தண்ணீரில் மருந்துச் சொட்டு விட்டார். நிறம் மாறியது. அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தால், லிட்டருக்குக் கால் மில்லிகிராம் செம்பு!

அவர் சொன்ன விவரம் எனக்குப் புதிது. இறாலுக்கும் நத்தைக்கும் ரத்தத்திலேயே செம்பு உண்டாம். நமக்கு இரும்பு மாதிரி அவற்றுக்குச் செம்புதான் மூச்சுக் காற்றைச் சுமக்கிறது. ஆனாலும் தண்ணீரில் கொஞ்சம் கூடினால் முதலில் போவது அவைதான். மீன் இன்னும் சற்றுத் தாங்கும். மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் செம்பு மருந்தே கொடுப்பார்கள். அளவு மிஞ்சினால் செவுள் பழுதாகி மூச்சுத் திணறும். வாயைத் திறந்து திறந்து மூடியதன் காரணம் அதுதான்.

"வீட்ல தொட்டிப் பக்கம் செம்புக் குழாய், செம்புக் காசு ஏதாச்சும் உண்டா?"

"இல்லவே இல்லை" என்றேன். அடித்துச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து கால் கழுவிவிட்டு, தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். மேடையில் பளபளவென்று நின்றிருந்தது செப்புக்குடம். மாமியார் கும்பகோணத்திலிருந்து வாங்கி வந்து கொடுத்தது. ராத்திரி அதில் ஆர்.ஓ. தண்ணீரைப் பிடித்து வைத்துக் காலையில் குடிப்பது எங்கள் வழக்கம். அதிலிருந்துதான் மொண்டு மொண்டு மூன்று மாதமாகத் தொட்டிக்கும் விட்டிருக்கிறேன்! அவர் இருந்தவரை மெஷினிலிருந்து நேராகப் பிளாஸ்டிக் ஜாடியில் பிடித்து விட்டார். நான் கைக்கு எட்டியதிலிருந்து விட்டேன். "ஆர்.ஓ. தண்ணிதானே விடறே?" என்று அவர் கேட்டபோதெல்லாம் "ஆமாம்" என்றேன். பொய்யில்லையே!

கடையில் வாங்கி வந்த சோதனை மருந்தில் மூன்று கிளாஸ் வைத்துப் பார்த்தோம். மெஷின் தண்ணீரில் நிறமே இல்லை. குடத்துத் தண்ணீரில் தொட்டியை விட அழுத்தமான நிறம். களிம்பு ஏறாமல் புளி போட்டு வள்ளியைத் தேய்க்கச் சொல்லி வைத்திருந்தேன், பளபளப்பாக இருந்தால் எதுவும் கரையாது என்ற எண்ணம். உப்புச் சத்து நீங்கிய, சற்றே அமிலத்தன்மை உள்ள ஆர்.ஓ. தண்ணீர் செம்பை எளிதாகக் கரைக்குமாம். தொட்டியில் தண்ணீர் ஆவியாகப் போய்விடுகிறது, செம்பு போவதில்லை. தினம் தினம் சேர்ந்துகொண்டே வந்திருக்கிறது.

திங்கட்கிழமை வள்ளி வந்ததும் குடத்தைக் காட்டிச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன் என்று எழுத ஆசைதான். உண்மையில், "என் மேலதான் தப்பு வள்ளி" என்பதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை. அவள் குடத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அக்கா, இந்தத் தண்ணியத்தானே நாமளும் குடிக்கிறோம்? பாபுவும் குடிக்கிறானே?" என்றாள்.

அது எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள்! அன்று மாலையே எங்கள் குழந்தை வைத்தியரிடம் போனேன். அவர் பயமுறுத்தவில்லை. குடிநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை செம்பு இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. எங்கள் தொட்டியில் இருந்தது அதில் எட்டில் ஒரு பங்கு. மனிதருக்கு ஒன்றும் செய்யாத அளவு மீனைக் கொல்லப் போதுமானதாக இருந்திருக்கிறது. ஆனால் வேறொன்று சொன்னார், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஈயம் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் பால் காய்ச்சிக் குழந்தைக்குக் கொடுப்பதற்கும், சிறு குழந்தைகளுக்கு வந்துகொண்டிருந்த ஒரு கொடிய ஈரல் நோய்க்கும் தொடர்பு இருப்பதை 1980களில் புனேயில் நடந்த ஆய்வுகள் காட்டின. பாத்திரங்கள் எவர்சில்வருக்கு மாறின பிறகு அந்த நோய் அநேகமாக மறைந்தேவிட்டதாம். எலுமிச்சைச் சாறு, மோர், புளிக் கரைசல் இவற்றையும் செம்பில் வைக்கக்கூடாது, புளிப்பு செம்பைக் கரைத்துவிடும். எங்கள் பாட்டி வருஷா வருஷம் ஈயம் பூசுகிறவனுக்காகக் காத்துக்கொண்டிருந்தது ஏனென்று இப்போது புரிகிறது.

தொட்டியைக் காப்பாற்ற முடியவில்லை. மணலும் பாறையும் செம்பை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெதுவாக விடும் என்றதால் இரண்டையும் தூக்கிப் போட்டோம். கோமாளிகளை ஒரு பிளாஸ்டிக் டப்பில் புது உப்புத் தண்ணீர் கரைத்து, காற்றுக்குழாய் வைத்து விட்டோம். ஒன்று மறுநாளே போய்விட்டது. மற்றது பிழைத்தது. தொட்டியைக் கழுவிப் புதிதாக வைத்து, தண்ணீர் பக்குவப்பட ஆறு வாரம் வெறும் தொட்டியாகவே ஓடவிட்டு, பிறகுதான் அதை உள்ளே விட்டோம். ஆறு வாரமும் பாபு டப்பின் பக்கத்தில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதினான்.

மாடி மாமியிடம் நானே படியேறிப் போய் நடந்ததைச் சொன்னேன். "அடடா" என்றார். ஆனால் வேறு ஆள் வைத்தாகிவிட்டது, அவளை எப்படி நிறுத்துவது என்றார். அதுவும் நியாயம்தானே! அடுத்த தெருவில் இரண்டு மூன்று வீடு ஏறி இறங்கி வள்ளிக்கு ஒரு வேலை பிடித்துக் கொடுத்தேன். மாமி வீட்டில் வந்ததை விட மாதம் 300 ரூபாய் குறைவு. அதை எங்கள் வீட்டுச் சம்பளத்தில் கூட்டியிருக்கிறேன். வள்ளி வேண்டாம் என்று சொல்லவில்லை.

இப்போது தொட்டிக்கென்று தனி பிளாஸ்டிக் ஜாடி. செப்புக்குடத்தில் துளசி போட்டுத் தண்ணீர் வைத்துப் பெரியவர்கள் குடிக்கிறோம். வள்ளி வழக்கம்போல வருகிறாள், பாபுவிடம் "உன் மீனு சாப்புட்டுச்சாடா?" என்று கேட்கிறாள். ஆனால் தொட்டிக் கண்ணாடியை மட்டும் அவள் துடைப்பதில்லை. அதை நான்தான் துடைக்கிறேன்.