நைட் செட்டின் கைகள்

திருச்சி ஆர்.எம்.எஸ்.ஸில் தபால் பிரிக்கும் வேலையை விட்டு வந்தது படம் வரையத்தான். இப்போது வெளிச்சமான அறை இருக்கிறது, நாள் முழுக்க நேரம் இருக்கிறது. வரைய நினைக்கும் கைகள்தான் எதிரே இல்லை.

அங்கே நைட் செட்டில், அதாவது இரவு ஷிப்டில், அவை விடிய விடிய என் கண்முன் ஓடும். புறாக்கூண்டு மாதிரி கட்டம் கட்டமாக மர அலமாரி. லால்குடி, முசிறி, துறையூர், மணப்பாறை என்று கட்டத்துக்கு ஓர் ஊர். இடது கையில் கடிதக் கட்டு. கட்டைவிரல் மேலே இருக்கும் கடிதத்தைக் கொஞ்சம் தள்ளும், கண் விலாசத்தின் கடைசி வரிக்குப் போகும், அதற்குள் வலது கை கட்டத்தில் போட்டுவிட்டுத் திரும்பியிருக்கும். கட்டத்தை யாரும் பார்ப்பதில்லை. 1972 ஆகஸ்ட் 15-இல் பின்கோடு வந்தும், அதை எழுதாத அட்டைகள் வந்துகொண்டேதான் இருந்தன. எந்தக் கிராமம் எந்தத் தபால் ஆபீஸுக்குக் கீழே என்பது அந்தக் கைக்கே தெரியும். பொங்கல் வாழ்த்து குவியும் ஜனவரி இரவுகளில் மூச்சுவிட நேரமிருக்காது. அப்போது அந்தக் கைகள் எவ்வளவு அழகாக இருக்கும்!

மூலையில் ஒருவர் அரக்கு உருக்குவார். பையின் கழுத்தில் சணல் முடிச்சின்மேல் அதைச் சொட்டி, பித்தளை முத்திரையைத் தண்ணீரில் தொட்டு அழுத்துவார். சுர்ரென்று ஒரு சத்தம். அந்த வாசனை விடியற்காலையில் சட்டையோடு வீடுவரை வரும்.

டீ நேரத்தில், வீணான பை லேபிள்களின் பின்பக்கத்தில் வரைவேன். மூத்த சார்ட்டர் அண்ணன் ஒருநாள் வாங்கிப் பார்த்தார். “விரலெல்லாம் சரியா இருக்கு தம்பி. ஆனா கை லெட்டரைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. போடலியே” என்றார். அன்றிலிருந்து விரலை விட்டுவிட்டு மணிக்கட்டைப் பார்க்கத் தொடங்கினேன்.

மெரினாவில் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை 1959 முதல் நிற்கிறது. பாறையை நெம்பும் நான்கு பேர். முதுகும் தொடையும் முறுக்கேறியிருக்கும். சென்னை போகும்போதெல்லாம் அதைச் சுற்றிச் சுற்றி வருவேன். தசை திரளாமல், மணிக்கட்டு மட்டும் சுழலும் உழைப்பையும் அப்படிக் கண்முன் நிறுத்திவிட வேண்டும் என்று ஆசை.

நேற்று பேரனை உட்காரவைத்து, பழைய கல்யாணப் பத்திரிகைகளை ஊர்வாரியாகப் பிரிக்கச் சொன்னேன். ஒவ்வொன்றையும் நிதானமாகப் படித்துப் படித்து அடுக்கினான். வரைந்து முடித்துப் பார்க்கிறேன்: கை பத்திரிகையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.